மலை விட்ட வழி

ஆடி மாதத்தில் உடுமலையிலிருந்து பல்லடம் போகும் சாலையில் பைக் ஓட்டிப் பாருங்கள். இடப்பக்கமிருந்து வரும் காற்று வண்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உடம்பைக் கொஞ்சம் மேற்கே சாய்த்து ஓட்டினால்தான் நேராகப் போக முடியும். தென்னைகளைப் பார்த்தால், மட்டையெல்லாம் வாரிவிட்ட தலைமுடிபோலக் கிழக்கே சாய்ந்து கிடக்கும். அம்மியும் பறக்கும் என்று சொல்வது வெறும் பேச்சில்லை என்று அங்கே நம்பத் தோன்றும்.

அந்தக் காற்று வரும் வாசல் பாலக்காட்டுக் கணவாய். சுமார் 1,600 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய திறப்பு வேறெங்கும் இல்லை. வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலைத் தொடரின் பக்கம் ஆனைமுடி 2,695 மீட்டர். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே கிடையாது. தரை கடல் மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர்தான். பூமியின் மேலோடு மிகப் பழங்காலத்தில் உராய்ந்து நொறுங்கிய பட்டை ஒன்று இந்த வழியாகப் போகிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்று மலைச்சுவரில் மோதுகிறது. சுவருக்குக் கிழக்கே வெயிலில் காய்ந்த கொங்குச் சமவெளி. அங்கே சூடேறிய காற்று மேலே எழும்புவதால் அழுத்தம் குறைந்து, கடல்காற்றை உள்ளே இழுக்கிறது. நுழைய இருக்கும் அகலமான வழி இந்த ஒன்றுதான். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு அடுத்து நடப்பது புரியும்: வாய்க்காலில் அசைந்து வரும் தண்ணீர் மடைவாயில் சீறிக்கொண்டு பாயும். குறுகிய இடத்தில் அதே அளவு கடந்தாக வேண்டுமென்றால் வேகம் கூடித்தான் ஆக வேண்டும்.

இந்த வேகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. ஆகவேதான் உடுமலை, பல்லடம், தாராபுரம் வட்டாரங்களில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. கொங்கு நாட்டின் நூற்பாலைகள் பல, தங்கள் கதிர்களைச் சுழற்றும் மின்சாரத்துக்காகவே சொந்தக் காற்றாலை வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியதில் இந்தக் கணவாய்க்குப் பெரிய பங்கு உண்டு. குமரி மாவட்ட எல்லையில் ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தல் காற்றாலைகளுக்கு இதையே செய்கிறது.

அவ்வளவு ஈரமான காற்று வந்தும் ஏன் மழை கொட்டுவதில்லை? மழை பெய்ய, காற்று மேலே ஏறிக் குளிர வேண்டும். வால்பாறைப் பக்கம் மலை அதை ஏற்றிவிடுகிறது; மாதக்கணக்கில் அடைமழை. கணவாயில் ஏற்றமே இல்லை. அதனால் மேகங்கள் தலைக்கு மேலே ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், கீழே சாரலோடு சரி. கிழக்கே போகப்போக அதுவும் நின்றுவிடும். அதன்பின் அடிக்கும் காற்று மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. காங்கேயத்துக்காரர்கள் இதற்கு ஏற்ற வாழ்க்கையைக் கண்டுபிடித்தார்கள்: கிளுவை வேலி போட்டு, வெள்வேல மரங்களுக்கு அடியில் கொழுக்கட்டைப் புல் வளர்த்த கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள். காங்கேயம் காளைகள் மேய்ந்து வளர்ந்தது அங்கேதான். வானம் தராத தண்ணீரை மலைக்கு அந்தப்புறத்திலிருந்து சுரங்கமும் கால்வாயும் வெட்டிக் கொண்டுவந்தது பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்.

கோடைக்காலத்தில் காற்று திசை மாறும். பிப்ரவரி, மார்ச்சில் தமிழகச் சமவெளியின் வறண்ட காற்று இதே வழியாகப் பாலக்காட்டுக்குள் போய் அந்த ஊரைச் சுட்டெடுக்கிறது. தென்னைக்குப் பேர்போன கேரளத்தில் பாலக்காட்டுக்கு மட்டும் பனைமரம் அடையாளமாக இருப்பது இந்த வறட்சியால்தான் என்று நினைக்கிறேன்.

மனிதர்களும் காற்று போன வழியிலேயே போனார்கள். பழங்காலத்தில் கேரளக் கரையில் இருந்த முசிறித் துறைமுகத்தில் இறங்கிய ரோமானியப் பொன்னும் வெள்ளியும் கணவாய் வழியே கிழக்கே வந்தன. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பும் மணிக்கற்களும் செய்த பட்டறைகளின் தடயம் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தது. 1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை தண்டவாளம் போட்டு முடித்தபோதும் மலையைக் குடைய வேண்டியிருக்கவில்லை.

நமக்கு வாசலாக இருக்கும் இதே இடம், குளிர்ந்த மலையுச்சியில் மட்டும் வாழும் உயிர்களுக்கு அகழி. வரையாடு இந்த வெப்பமான தாழ்நிலத்தில் இறங்கி அக்கரை ஏறுவதில்லை. அதனால் நீலகிரி வரையாடும் ஆனைமலை வரையாடும் மரபணுவில் வேறுபட்டு நிற்கின்றன. சோலைக்காட்டின் நிழலில் தரையோரம் தத்தித் திரியும் சின்ன நீலப் பறவை ஒன்று உண்டு. நீலகிரியில் அதன் வயிற்றோரம் செம்பழுப்பு. ஆனைமலையிலும் பழனிமலையிலும் அதே இடம் நீலச்சாம்பல், நடுவே வெள்ளை. பறவையியலாளர்கள் இப்போது இவற்றை இரண்டு தனி இனங்களாகவே பிரித்து எழுதுகிறார்கள். சிறகிருந்தும் அந்த 30 கிலோமீட்டரை அவை கடப்பதில்லை.