தாமதப் புத்தகத்தில் என் பெயர்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் கட்டொழுங்கு ஆசிரியராக இருந்தேன். காலை ஏழரைக்கு மணி அடித்ததும் ஐந்தாம் ஆண்டுச் சட்டாம்பிள்ளை ஒருவன் வாசலில் தாமதப் புத்தகத்தைத் திறப்பான். பெயர், வகுப்பு, காரணம் என்று மூன்று கட்டங்கள். மழை, பஸ் வரவில்லை என்றெல்லாம் சொன்னால் நான் ஏற்பதில்லை. ‘முன்னதாகவே கிளம்பு’ என்பேன்.

ஒரு நாள் குலை ஏற்றிய லாரி செம்மண் பாதையில் புதைந்து வழியை அடைத்துவிட்டது. பதினைந்து நிமிடம் போயிற்று. வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே உள்ளே போனேன். பையன் பேனாவை எடுத்தான், என்னைப் பார்த்தான், மூடி வைத்துவிட்டான்.

இரண்டு வாரம் கழித்துப் புத்தகத்தைப் புரட்டினால், சட்டாம்பிள்ளைகளின் தம்பி தங்கைகளும் பந்துக் குழு நண்பர்களும் ஒருவர்கூடத் தாமதமாக வரவில்லை! அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“உங்களையும் எழுதவில்லையே ஐயா.”

அதில் துடுக்கு இல்லை. வாய்பாடு ஒப்பிப்பதுபோல் சொன்னான். நான் மீறியதால் விதி செத்துப்போகவில்லை. ஆள் பார்த்து எழுது என்ற வேறு விதியாக மாறியிருந்தது. அதைப் போதித்தவன் நான்தான்.

அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்கள் பிரயனும் வால்பெக்கும் 1970-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. விளையாட்டில் வென்ற பரிசில் கொஞ்சம் பிறருக்குக் கொடுப்பதைப் பற்றி ஒருவர் பிள்ளைகளிடம் பேசுவார். பிறகு தாம் கொடுப்பார், அல்லது தமக்கே வைத்துக்கொள்வார். பிள்ளைகள் கொடுத்தார்களா இல்லையா என்பதை அவர் செய்கைதான் அசைத்தது, பேச்சு அசைக்கவில்லை.

எங்களுக்கும் கணக்கு இருக்கிறதே என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயம்தான். தாமதமாக வந்தால் எங்கள் வருகைப் பதிவிலும் ஏறும். ஆனால் அது அலுவலகத்துக்குள் இருக்கிறது. பிள்ளை கண்ணில் படுவதில்லை. கைப்பேசியும் அப்படித்தான். மாணவர் வருகையை இணையத்தில் ஏற்றத்தான் எடுக்கிறோம், ஆனால் பிள்ளைக்குத் தெரிவது நம் கையில் இருக்கும் கைப்பேசி மட்டுமே. ‘வருகை பதிகிறேன்’ என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எடுங்கள். வேலை முடிந்ததும் அவர்கள் பார்க்க மேசைக்குள் வையுங்கள். விலக்கு இருப்பது தவறில்லை. காரணம் சொல்லாத விலக்குதான் கெடுக்கிறது.

இன்னொன்று, நம்மைப்போன்ற சிறு பட்டணத்தில் ஆசிரியருக்குப் பள்ளி நேரம் முடிவதே இல்லை. மாலையில் தலைக்கவசம் இல்லாமல் மளிகைக் கடைக்குப் போனால், கடை வாசலில் ஐஸ் உறிஞ்சிக்கொண்டு இரண்டு மாணவர்கள் நிச்சயம் நிற்பார்கள். பெரிய நகரத்து ஆசிரியருக்கு இந்தத் தொல்லை குறைவு. எனக்குச் சில நாள் பொறாமையாகவே இருக்கும்.

பையனைக் கேட்ட மறுநாள் வாசலுக்குப் போய் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். பழைய தேதியைப் போட்டு என் பெயரை எழுதினேன். காரணம்: லாரி. பையன் எட்டிப் பார்த்தான்.

“முன்னதாகவே கிளம்பியிருக்கலாமே ஐயா” என்றான். பிறகு விரலால் நடுக் கட்டத்தைத் தொட்டான். “வகுப்பு எழுதவில்லை.”

நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அவனே பேனாவை வாங்கி, ‘ஆசிரியர் அறை’ என்று எழுதினான்.