ரிப்போர்ட் சர்வரை இடம் மாற்றுவது எப்படி: எஸ்எஸ்ஆர்எஸ் 2016-லிருந்து 2022-க்கு

தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் 2016-க்கு மைக்ரோசாப்ட் தரும் நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2026 ஜூலை 14 வரைதான். அதனுடன் வந்த, தரவுகளிலிருந்து ரிப்போர்ட் தயாரித்துத் தரும் ரிப்போர்ட்டிங் சர்வீசஸுக்கும், அதாவது எஸ்எஸ்ஆர்எஸுக்கும், அதே கெடுதான். அடுத்து எஸ்எஸ்ஆர்எஸ் 2022-க்குப் போகலாம். அந்த வரிசையில் கடைசிப் பதிப்பு அது. 2033 ஜனவரி 11 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். எஸ்க்யூஎல் சர்வர் 2025 முதல் பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

2016-இன் மேலேயே 2022-ஐ நிறுவ முடியாது. 2017 முதல் எஸ்எஸ்ஆர்எஸ் தனி நிறுவியாகப் பிரிந்துவிட்டது. எனவே புதிதாக ஒன்றை நிறுவி, பழையதில் உள்ளதை அதற்குக் கொண்டுபோக வேண்டும். இது ஒரு வகையில் நல்லதுதான். பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை நிதானமாகச் சோதிக்கலாம்.

எதைக் கொண்டுபோவது? ரிப்போர்ட் வடிவங்கள், கோப்புறைகள், அனுமதிகள், சந்தாக்கள் (குறித்த நேரத்தில் ரிப்போர்ட்டைத் தானாக அனுப்பும் ஏற்பாடுகள்) எல்லாம் 'ரிப்போர்ட்சர்வர்' என்ற தரவுத்தளத்தில் இருக்கின்றன. தற்காலிக வேலைகளுக்கு 'ரிப்போர்ட்சர்வர்டெம்ப்டிபி' என்று இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே பேக்கப் எடுத்து, பெயர் மாற்றாமல் ரீஸ்டோர் செய்ய வேண்டும். முதலாவதன் பெயருடன் 'டெம்ப்டிபி' சேர்ந்ததுதான் இரண்டாவது என்று மென்பொருள் எதிர்பார்க்கும். ஒன்றின் பெயர் மாறினாலும் இணைப்பு அறுந்துவிடும்.

ஆனால் தரவுத்தளம் வந்துவிட்டதாலேயே எல்லாம் வந்துவிட்டதாக எண்ணக் கூடாது. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் விற்பனை, சம்பளம், சரக்கு போன்ற வேறு தரவுத்தளங்களில் நுழைந்துதான் எண்களை எடுக்கிறது. அதற்கான இணைப்பு விவரமும் கடவுச்சொற்களும் மறையாக்கம் செய்து சேமிக்கப்பட்டிருக்கும். அவற்றைத் திறக்கும் சாவி அதே தரவுத்தளத்தில் 'கீஸ்' என்ற அட்டவணையில் இருக்கிறது. ஆனால் அந்தச் சாவியே இன்னொரு பூட்டுக்குள் இருக்கிறது. அந்தப் பூட்டைத் திறப்பது பழைய கணினியில் சர்வீஸ் ஓடும் கணக்கோடு கட்டுண்ட தனிச்சாவி. தரவுத்தளத்தை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் பூட்டு வரும், தனிச்சாவி வராது.

அதனால் முதல் வேலை, பழைய சர்வரின் அமைப்புகளை மாற்றும் கருவியான கான்ஃபிகரேஷன் மேனேஜரில் 'என்கிரிப்ஷன் கீஸ்' பக்கத்துக்குப் போய்ச் சாவியை பேக்கப் எடுப்பது. ஒரு கடவுச்சொல் கொடுத்தால் எஸ்என்கே என்ற நீட்சியுடன் ஒரு சிறு கோப்பு கிடைக்கும். பின்னால் புதிய சர்வரில் சாவியை மீட்க இது தேவை. கோப்பை ஓரிடத்திலும் கடவுச்சொல்லை வேறிடத்திலும் வையுங்கள். பழைய சர்வர் இல்லாத நிலையில் இரண்டில் ஒன்று தொலைந்தாலும், மறையாக்கப்பட்ட அனைத்தையும் அழித்துவிட்டு ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் கடவுச்சொல்லைக் கையால் உள்ளிடுவதைத் தவிர வழியில்லை. நூற்றுக்கணக்கில் ரிப்போர்ட்டுகள் உள்ள இடத்தில் இது பல நாள் வேலை. சாவியை எடுக்காமல் ஒருவரும் இந்தப் பணியைத் தொடங்கக் கூடாது.

அடுத்தது, எவற்றையெல்லாம் சோதிப்பது என்ற கணக்கு. ரிப்போர்ட்சர்வர் தரவுத்தளத்தில் உள்ள 'எக்ஸிகியூஷன்லாக்3' என்ற காட்சியை (வியூ) பார்த்தால் எந்த ரிப்போர்ட்டை யார், எப்போது, எந்த வடிவத்தில் எடுத்தார்கள், தரவை எடுக்க எவ்வளவு நேரம் ஆனது என்பதெல்லாம் தெரியும். ஆனால் இயல்பாக 60 நாள் பதிவுகள்தான் அதில் தங்கும். மார்ச் 31 ஆண்டுக் கணக்கு முடிந்ததும் ஏப்ரலில் ஒரே ஒருமுறை எடுக்கும் ரிப்போர்ட், செப்டம்பரில் பார்த்தால் யாருக்கும் தேவைப்படாதது போலத் தோன்றும். திட்டம் போடும் அன்றே அந்த வரம்பை 400 நாளாக ஏற்றிவிட்டு, கணக்குப் பிரிவையும் நேரில் கேட்டுவிடுங்கள்.

மைக்ரோசாப்டின் கோப்புப் பகிர்வுத் தளமான ஷேர்பாயிண்டுடன் இணைந்து ஓடும் முறை 2016-உடன் நின்றுவிட்டது. மொபைல் ரிப்போர்ட்டுகள் 2022-இல் இல்லை. இவை இருந்தால் மாற்று ஏற்பாடு தனியாகத் தேவை.

சோதனைச் சர்வரில் பெரிய ஆபத்து சந்தாக்கள். சந்தாவின் கால அட்டவணை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் எஸ்க்யூஎல் ஏஜெண்டில் ஒரு ஜாபாக இருக்கும். அந்த ஜாப் ரிப்போர்ட்டை ஓட்டுவதில்லை. நேரம் வந்ததும் 'ஈவண்ட்' அட்டவணையில் ஒரு வரியைப் போடும், அவ்வளவுதான். ரிப்போர்ட் சர்வர் இயல்பாக 10 விநாடிக்கு ஒருமுறை அதை எட்டிப் பார்த்து, வரி இருந்தால் ரிப்போர்ட்டைத் தயாரித்து மின்னஞ்சலில் அனுப்பும். தரவுத்தளத்தை ரீஸ்டோர் செய்து புதிய சர்வீஸைத் தொடங்கியதும் அது இந்த ஜாப்களைத் தானாகவே உருவாக்கிக்கொள்ளும். விளைவு, வாடிக்கையாளருக்கு ஒரே நிலுவைப் பட்டியல் இருமுறை போகும். சோதனை முடியும் வரை ஏஜெண்டை நிறுத்தி வையுங்கள். மின்னஞ்சல் சர்வர் முகவரியையும் காலியாக விடுங்கள்.

ரிப்போர்ட் பிழையின்றித் திறப்பது மட்டும் போதாது, எண் சரியாக இருக்க வேண்டும். ஒரே அளவுருக்களுடன் இரு சர்வரிலும் ஓட்டி, சிஎஸ்வி-யாக இறக்கி ஒப்பிடுங்கள். பிடிஎஃப் வேண்டாம்; அதில் ரிப்போர்ட் ஓடிய நேரம் அச்சாகியிருந்தால் ஒவ்வொரு முறையும் வேறுபாடு காட்டும். தேதிகளைக் கூர்ந்து பாருங்கள். ரிப்போர்ட்டின் மொழி அமைப்பு காலியாக இருந்தால் சர்வரின் வட்டார அமைப்பையே அது பின்பற்றும். புதிய விண்டோஸ் அமெரிக்க ஆங்கிலத்தில் நிறுவப்பட்டிருந்தால், ஏப்ரல் 3 என்பது 4/3 என்று அச்சாகும். படிப்பவர் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்வார். எந்தப் பிழைச் செய்தியும் வராது. சர்வரில் இல்லாத எழுத்துருவும் இப்படித்தான்: தமிழ்ப் பெயர்கள் பிடிஎஃப்பில் கட்டம் கட்டமாக வரும்.

மாற்றும் நாளில், ஸ்டாண்டர்ட் பதிப்பு வைத்திருப்போருக்கு ஒரு பிழை காத்திருக்கிறது: ஸ்கேல்-அவுட் (பல சர்வர்கள் ஒரே தரவுத்தளத்தைப் பகிரும் வசதி) இந்தப் பதிப்பில் இல்லை என்று சர்வர் நின்றுவிடும். 'கீஸ்' அட்டவணையில் பழைய கணினியின் வரி அப்படியே இருப்பதால், இரண்டு சர்வர்கள் ஒரே தரவுத்தளத்தைப் பகிர்வதாக அது நினைக்கிறது. பேக்கப் எடுத்துவிட்டுப் பழைய கணினியின் பெயருள்ள வரியை மட்டும் நீக்கினால் சரியாகும். பெயர் காலியாக உள்ள வரியைத் தொடாதீர்கள்.

அதன் பிறகு பழைய பக்கத்து ஜாப்களை முடக்கி, புதிய பக்கத்து ஏஜெண்டைத் தொடங்குங்கள். பயனர்கள் சேமித்து வைத்திருக்கும் இணைப்புகளுக்காகப் பழைய சர்வர் பெயரை டிஎன்எஸ்ஸில், அதாவது பெயர்களை முகவரிகளோடு இணைக்கும் பதிவில், புதியதற்குத் திருப்பிவிடலாம். விண்டோஸ் உள்நுழைவுக்குக் கெர்பரோஸ் என்ற சரிபார்ப்பு முறையைப் பயன்படுத்தினால், சர்வீஸின் பெயரை அதன் கணக்கோடு இணைக்கும் எஸ்பிஎன் பதிவையும் புதிய சர்வீஸ் கணக்குக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பக்கம் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும்.