லோடு ஏற்றுமுன் உழவர் நிறுவனம் போட வேண்டிய கணக்கு

பெரம்பலூர், அரியலூர் பக்கம் தை, மாசியில் மக்காச்சோளம் களத்துக்கு வந்ததும், உழவர்களே பங்கு போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கொள்முதலில் இறங்குகின்றன. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் தேவைப்படுவதால் விற்பனைக்குப் பஞ்சமில்லை. அப்படியும் ஓரிரு சீசனில் கையைச் சுட்டுக்கொண்டு ஒதுங்கும் நிறுவனங்கள் உண்டு. கேட்டால் வியாபாரிகளின் போட்டி என்பார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஈரப்பதமும் கைமுதல் பற்றாக்குறையும்தான் தெரியும்.

தீவன ஆலைகள் பொதுவாகக் கேட்பது 14 சதவீத ஈரம். உறுப்பினர் கொண்டுவரும் சோளத்தில் 18 இருக்கிறது என்று வையுங்கள். கிலோ 22 ரூபாய்க்கு ஒரு டன் வாங்கி, காயவைத்து 14-க்குக் கொண்டுவந்தால் எடைமேடையில் நிற்பது 953.5 கிலோ (1000 × 82 ÷ 86; ஈரம் நீங்கலான பங்கு முன்பு 82, காய்ந்தபின் 86 சதவீதம்). குறைந்த 46.5 கிலோவின் விலை 1,023 ரூபாய். கிலோவுக்கு ஒரு ரூபாய் நிற்கும் என்று போட்ட திட்டம் அங்கேயே காலி. காயவைக்கும் கூலி, சாக்கு, லாரி வாடகை இனிமேல்தான். நாலு சதவீத ஈரத்துக்கு நாலு சதவீதம் எடை கழித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். கழிக்க வேண்டியது 4.65.

எனவே ஈரப்பத மீட்டர் இல்லாமல் ஒரு மூட்டைகூட வாங்காதீர்கள். மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் மூட்டை வரும். மேல், நடு, அடி என்று குத்தூசி போட்டு மாதிரி எடுத்து, கலந்து, மூன்று முறை அளந்து சராசரி பாருங்கள். எந்த ஈரத்துக்கு எவ்வளவு கழிவு என்பதைக் கொள்முதல் நிலையச் சுவரில் எழுதிவையுங்கள். இயக்குநரின் மைத்துனர் மூட்டைக்கும் அதே கழிவுதான் (சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான்). ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சை பிடித்து அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். ஆலை லாரியைத் திருப்பினால் போக வர வாடகை நிறுவனத்தின் தலையில்.

அடுத்தது கைமுதல். 300 உறுப்பினர்கள் ஆளுக்கு 1,000 ரூபாய் பங்குத்தொகை கட்டினால் 3 லட்சம். 2020-இல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் அதற்கு ஈடாக ஒன்றிய அரசு மானியம் உண்டு. உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை. ஆகப் பங்கும் மானியமும் சேர்த்து 6 லட்சம். 20 டன் லோடு ஒன்றுக்கே 4.4 லட்சம் வேண்டும். ஆலை மூன்று வாரம் கழித்துப் பணம் போட்டால், இரண்டு மாத சீசனில் மூன்று லோடுதான் ஓடும். மீதியை உறுப்பினர்களே வியாபாரியிடம் கொண்டுபோவார்கள். பங்குத்தொகை 2,000 என்றால் கையில் 12 லட்சம், ஒரே நேரத்தில் இரண்டு லோடு. கடனுக்கு ஓடுவதற்கு முன் உறுப்பினரிடம் இன்னொரு ஆயிரம் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படுவதில் அர்த்தமில்லை, அது அவர்கள் பெயரில் இருக்கும் பங்கு. திட்டத்தில் மூன்று ஆண்டுக்குக் கிடைக்கும் 18 லட்சம் வரையிலான நிர்வாகச் செலவுத் தொகையைக் கொள்முதலுக்குத் திருப்பாதீர்கள். அது சம்பளம், வாடகை போன்றவற்றுக்கானது.

லாபம் நின்றால் போனஸைச் சரக்கு போட்ட அளவுப்படி பிரியுங்கள். அடுத்த சீசனில் மூட்டை உங்களிடம் வர அதுவே காரணமாகும்.

பதிவு வேலைகளும் இருக்கின்றன. நிறுவனம் பதிவான 90 நாளுக்குள் முதல் பொதுக்குழுக் கூட்டம். 180 நாளுக்குள் தொழில் தொடங்கியதற்கான படிவம் ஐ.என்.சி.-20ஏ. ஆண்டுதோறும் நிறுவனப் பதிவாளரிடம் வரவுசெலவுக் கணக்குக்கு ஏ.ஓ.சி.-4, ஆண்டு விவர அறிக்கைக்கு எம்.ஜி.டி.-7. இவ்விரண்டும் தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், ஓராண்டில் 73,000. தொடர்ந்து மூன்று ஆண்டு தாக்கல் இல்லையென்றால் இயக்குநர்கள் ஐந்தாண்டுக்குத் தகுதி இழப்பார்கள். வியாபாரமே நடக்காத ஆண்டுக்கும் இந்த விதியில் விலக்கு இல்லை.