மெல்தசை விறைப்பு

தசை தளர்த்தும் மருந்தான சக்சினைல்கோலின் கொடுத்த பின் கை கால்கள் துவண்டு கிடக்க, தாடை மட்டும் திறக்க மறுப்பதை மயக்கவியலில் ‘மாசீட்டர் மசில் ரிஜிடிட்டி’ என்பார்கள்.

மாசீட்டர், கன்ன எலும்பிலிருந்து கீழ்த்தாடையின் கோணம் வரை இறங்கும் தசை. பல்லைக் கடித்தால் கன்னத்தின் பின்பக்கம் விரலில் திரண்டு படுவது அதுதான். ‘மெல்லுவது’ என்பது அதன் கிரேக்க மூலப்பொருள். ஆகவே மெல்தசை என்பதே நேரான தமிழ், ரிஜிடிட்டிக்கு விறைப்பு. ‘இசிவு’ வேண்டாம், டெட்டனஸ், வலிப்பு பக்கம் மனம் போய்விடும். டிரிஸ்மஸ் என்பதோ கடைவாய்ப் பல் சீழ் உட்பட எந்தக் காரணத்தாலும் வாய் திறக்காத நிலை. அதைத் ‘தாடை இறுக்கம்’ எனத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

சக்சினைல்கோலின் மூலக்கூறு, தசையை இயக்க நரம்பு சுரக்கும் அசிட்டைல்கோலின் இரண்டு ஒட்டியது போன்றது. தசையைத் தளர்த்துமுன் ஒருமுறை தூண்டிவிடும். அதனால் தாடை சிறிது நேரம் இறுகுவது இயல்பே. ஹாலோத்தேன் என்ற ஆவி மயக்க மருந்தோடு சேர்ந்தால், முக்கியமாகக் குழந்தைகளிடம், கூடுதலாகத் தெரியும். மருந்து குறைந்திருந்தாலும், 60 விநாடி பொறுக்காமல் குரல்வளையைப் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பை நுழைத்தாலும் விறைப்பு போலவே தோன்றும். பெரியவர்களுக்கு கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி. கொடுத்து, காத்திருந்து, நரம்புத் தூண்டியில் கை துடிப்பு நின்ற பிறகும் பற்களைப் பிரிக்க முடியாவிட்டால் அது உண்மையான விறைப்பு. மயக்க மருந்தால் உடல் வெப்பம் உயிராபத்தாக ஏறும் மரபுவழிக் கோளாறான மலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியாவின் முதல் அறிகுறியாக அது இருக்கலாம் என்பதால்தான் இவ்வளவு கவனம்.

தடுப்பு, அறுவைக்கு முன் கேட்கும் கேள்வியிலேயே தொடங்குகிறது. ‘மயக்க மருந்து ஒத்துக்கொள்ளுமா?’ என்று கேட்டால் பயனில்லை. குடும்பத்தில் யாருக்காவது மயக்கத்தின்போது கடும் காய்ச்சலோ எதிர்பாராத மரணமோ நேர்ந்ததா, தசை நோய் உண்டா என்று துருவ வேண்டும். ஆம் என்றால் சக்சினைல்கோலினைத் தொடவே கூடாது, இன்னொரு தசை தளர்த்தியான ரோகுரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி. கொடுத்தால் சக்சினைல்கோலினின் வேகத்தை ஏறக்குறைய தரும். ஹைப்பர்தெர்மியா சந்தேகம் இருந்தால் ஆவி மயக்க மருந்துகளும் கூடாது, நரம்பு வழி மயக்க மருந்தான புரோபோஃபோல் சொட்டில் நடத்தலாம். சிலர் முன்கூட்டியே சிறு அளவு ரோகுரோனியம் கொடுத்துத் தசைத் துடிப்பைக் குறைப்பார்கள். அது இயல்பான இறுக்கத்தைத் தணிக்கலாம். ஹைப்பர்தெர்மியாவுக்கான மரபணுக் குறை உள்ளவருக்குக் காப்பு ஆகாது.

விறைத்துவிட்டால் இரண்டாம் டோஸ் சக்சினைல்கோலின் கொடுக்கக் கூடாது. பெரும்பாலும் மாஸ்க் வழியே காற்று போகும். அவசரமில்லாத அறுவையைத் தள்ளிவைக்கலாம். ஆவி மருந்தை நிறுத்தி, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடு, உடல் வெப்பம், சிறுநீரின் நிறம், ரத்தத்தில் சி.கே. (தசை சிதைந்தால் கூடும் நொதி) அளவு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போனால் ஹைப்பர்தெர்மியாவுக்கான மருந்து டான்ட்ரோலீன், கிலோவுக்கு 2.5 மி.கி. வழக்கமான 20 மி.கி. குப்பி ஒவ்வொன்றையும் 60 மி.லி. கிருமி நீக்கிய நீரில் கரைக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் டோஸுக்கே எட்டுக் குப்பி. கரைக்க மட்டும் தனியாக ஆள் வேண்டும்.