62 மில்லிமீட்டர் பிஸ்டன் பொருத்துவதற்கு முன்

என் மேசையின் மீது ஒரு பிஸ்டன் இருக்கிறது. விட்டம் 62 மில்லிமீட்டர். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கும் பக்கத்தில் அதன் விளிம்பு, மெழுகு உருகி வழிந்ததைப் போலக் கரைந்து, பிஸ்டனைச் சுற்றி வரும் முதல் ரிங் உட்காரும் பள்ளம் வரை அரித்துப் போயிருக்கிறது. யமஹா ஆர்15 வண்டியின் மூன்றாம் பதிப்பிலிருந்து நாங்கள் கழற்றியது அது. அதன் உரிமையாளரான கல்லூரி மாணவர், பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் எஞ்சின் கொள்ளளவைக் கூட்ட, பெரிய பிஸ்டனும் அதற்கேற்ற சிலிண்டர் பிளாக்கும் அடங்கிய கிட்டை இணையத்தில் வாங்கி, வேறொரு பட்டறையில் ஒரே மாலையில் பொருத்திக்கொண்டார். ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத நிலையில், நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் போகும்போது எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்த நொடியில் அவர் கிளட்சை இழுத்ததால்தான் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், அவர் உயிரோடு வந்து எங்களிடம் பேசினார்.

பெரிய பிஸ்டன் போட்டதால் எஞ்சின் போய்விட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார். உண்மை அதுவல்ல. பிஸ்டனையும் பிளாக்கையும் மட்டும் மாற்றிவிட்டு மற்ற அனைத்தையும் பழையபடியே விட்டதால் போனது.

இந்த வண்டியின் கம்பெனி போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 58 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 58.7 மில்லிமீட்டர், கொள்ளளவு 155 சி.சி. போரை 62 ஆக்கினால் கொள்ளளவு ஏறத்தாழ 177 சி.சி. ஆகிறது, அதாவது 14 சதவீதம் கூடுகிறது. ஸ்ட்ரோக் மாறாததால் பிஸ்டன் ஓடும் வேகம் கூடுவதில்லை என்பது இதில் ஒரு நன்மை. ஆனால் சிலிண்டரின் மூடியான ஹெட்டில் எரி அறையின் அளவு பழையபடியே இருக்க, அதற்குள் அழுத்தப்படும் காற்றின் அளவு மட்டும் கூடிவிடுகிறது. 11.6க்கு 1 என்றிருந்த கம்ப்ரஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற அளவு), எரி அறையின் கன அளவு மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், 13க்கு 1 என்பதையும் தாண்டிவிடும். பங்கில் கிடைக்கும் பெட்ரோலை நம்பிச் சாலையில் ஓட்டும் வண்டிக்கு இது மிக அதிகம். தீப்பொறியிலிருந்து சீராகப் பரவ வேண்டிய தீ, அறையின் ஓரங்களில் தானாகவே வெடித்துப் பற்றிக்கொள்ளும். தகர டப்பாவில் சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற அந்த நாக்கிங் சத்தம் ஹெல்மெட்டுக்குள் இருப்பவருக்குப் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

எனவே எங்கள் பட்டறையில் கிட் வந்ததும் முதலில் செய்வது, பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தி, மீதியிருக்கும் இடத்தை அளப்பதுதான். ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுகளின் மீது லேசாகக் கிரீஸ் தடவி, நடுவில் துளையிட்ட அக்ரிலிக் தகட்டை மூடி, மருந்துக்கடை சிரிஞ்சினால் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனை மில்லிலிட்டர் போகிறது என்று பார்ப்போம். பிஸ்டன் தலையின் மேட்டையும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டின் தடிமனையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மையான விகிதம் தெரியவரும். கிட்டின் அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நான் நம்புவதில்லை.

அடுத்தது எரிபொருள். அந்த மாணவரின் பிஸ்டனை உருக்கியது இதுதான். ஊசி வழியே பெட்ரோல் தெளிக்கும் வண்டிகளில், எவ்வளவு தெளிப்பது என்பதைக் கணினிப் பெட்டி முடிவு செய்கிறது. காற்று நுழையும் கதவான த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது, உள்ளிழுக்கும் குழாயில் அழுத்தம் என்ன என்பவற்றை வைத்து, தனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும் 155 சி.சி. எஞ்சினுக்கான அட்டவணையைப் பார்த்தே அது ஊசியைத் திறக்கிறது. உள்ளே 177 சி.சி. இருப்பது அதற்குத் தெரியாது. புகையில் மீந்திருக்கும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் உள்ள வண்டியில், ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது அந்தச் சென்சார் சொல்வதைக் கேட்டுக் கணினி குறையைச் சரிக்கட்டிக்கொள்ளும் என்பதால் வண்டி மிக நன்றாக ஓடுவதாகவே தோன்றும். ஆனால் த்ராட்டிலை முழுவதும் திறக்கும்போது அது பொதுவாகச் சென்சாரைக் கேட்பதில்லை. காற்று கூடுதலாகவும் பெட்ரோல் குறைவாகவும் போய், எஞ்சின் மிக அதிகம் சூடாகும் அந்த நேரத்தில்தான் பெட்ரோல் பற்றாக்குறை ஏற்படுகிறது. தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு ‘பிக்கப் சூப்பர்’ என்று சாவியைக் கொடுப்பது இதனால்தான் ஆபத்தானது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. எடைக் கணக்கில் ஒரு பங்கு தூய பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 பங்குதான், அதாவது அதே காற்றுக்கு இன்னும் கூடுதலாக எரிபொருள் வேண்டும். எரிபொருள் அட்டவணையை மாற்றி எழுதவும், தேவைப்பட்டால் பெரிய இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிக்கும் ஊசி) போடவும், எஞ்சினின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில், காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைடுபேண்டு சென்சாரைப் பொருத்திச் சரிபார்க்கவும் பணம் ஒதுக்க முடியாதவர், தயவுசெய்து கிட்டை வாங்கவே வேண்டாம்.

பொருத்தும் வேலையில் அவசரத்துக்கு இடமில்லை. ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் இறக்கி, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் இடையில் பீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்க்க வேண்டும். போரின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.004 மில்லிமீட்டர் என்ற பொதுக் கணக்கில், 62க்குக் கால் மில்லிமீட்டர் இடைவெளி வரும். கிட்டோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். இடைவெளி போதாவிட்டால், சூட்டில் ரிங் நீண்டு, முனைகள் முட்டி, சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள தூரத்தை, பிஸ்டன் மீது களிமண் வைத்து, ஹெட்டைத் தற்காலிகமாகப் பொருத்தி, பிஸ்டனை மேலும் கீழும் ஓட்டும் தண்டான கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணை அறுத்து, மீந்திருக்கும் தடிமனை அளக்கிறோம். காற்று நுழையும் இன்டேக் வால்வில் 1.5, எக்ஸாஸ்டில் 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் நான் ஹெட்டை நிரந்தரமாக மூட விடுவதில்லை. போர் பெரிதாகும்போது சிலிண்டருக்கும் அதைச் சுற்றியுள்ள தண்ணீர் வழிக்கும் இடையே கேஸ்கட் உட்காரும் பரப்பு குறுகிவிடுகிறது. அங்கே கசிந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலக்கலாம். அப்படிக் கலந்திருந்தால், ஆயில் மூடியைத் திறக்கும்போது உட்புறம் பால் கலந்த காபி நிறத்தில் படிந்திருக்கும்.

எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை சுற்றலாம் என்ற வரம்பை உயர்த்தித் தரச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். உதாரணமாக, 10,000 சுற்றிலிருந்து 12,000க்குப் போனால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை 44 சதவீதம் கூடுகிறது. பிஸ்டனும் கனமாகியிருந்தால் அது இன்னும் அதிகம். அந்த ராடும் பேரிங்கும் 155 சி.சி. எஞ்சினுக்காகச் செய்யப்பட்டவை. நான் மறுத்துவிடுகிறேன்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கொள்ளளவும் அந்த விவரங்களில் ஒன்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம். விபத்துக்குப் பின் எஞ்சினைத் திறந்து பார்க்கும் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுத்தால், பட்டறைக்காரர் துணைக்கு வர மாட்டார். ஆகவே ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூரின் கரி ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடங்களில் மட்டும் ஓட்டுவதற்காக, சாலைக்கு வராமல் ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்குத்தான் நாங்கள் இந்த வேலையை எடுக்கிறோம்.

கழற்றிய பழைய பிளாக்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆர்15இன் சிலிண்டர் இரும்பு லைனர் (உள்ளுறை) இல்லாமல், சிலிக்கான் மிகுந்த அலுமினியத்திலேயே வார்க்கப்பட்டது. தேய்ந்தால் சாதாரண லேத்தில் கொடுத்து உள்விட்டத்தைப் பெரிதாக்கி (ஓவர்சைஸ் போர்) போட்டுக்கொள்ளும் வகையல்ல. அந்த மாணவர் நல்ல வேளையாகத் தன் பழைய கம்பெனி பிளாக்கையும் பிஸ்டனையும் செய்தித்தாளில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். அளந்து பார்த்ததில் போர் கம்பெனி அளவுக்குள் இருந்தது. கிராங்க் இருக்கும் கீழ்ப்பெட்டியான கிராங்க்கேஸைக் கழுவி அலுமினியத் துகளை எடுத்து, கனெக்டிங் ராடின் பெரிய முனைக்குப் புதிய பேரிங்கும் ரிங் செட்டும் கேஸ்கட்டும் போட்டு, 155 சி.சி.யாகவே திருப்பிக் கொடுத்தோம். உருகிய பிஸ்டனை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கிட் பொருத்தச் சொல்லி வருபவர்களிடம் அதைத்தான் முதலில் கையில் கொடுக்கிறேன்.