குளத்தைத் தொட்டி ஆக்காதீர்கள்

போன மாதம் எங்கள் ஊரில் விவசாயிகளுக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழாக்கியது. இரண்டாம் பக்கத்திலேயே ‘தொட்டிகளைத் தூர்வாருவதன் நன்மைகள்’ என்று தலைப்பு. பக்கத்தில் இருந்த பெரியவர் என் கையைத் தட்டினார். “தம்பி, இது மாட்டுக்குத் தண்ணி காட்டுத தொட்டியா, மாடில இருக்குத தொட்டியா?”

“குளத்தச் சொல்லுதாங்க அய்யா.”

“அப்ப குளம்னே போட வேண்டியதானே?”

அதைத்தான் நானும் கேட்கிறேன். ஆங்கிலத்தில் குளத்தைச் சொல்லும் டேங்க் என்ற சொல்லைப் பார்த்ததும் தொட்டி என்று எழுதுவதை எத்தனை இடத்தில் பார்த்துவிட்டேன்!

டேங்க் ஆங்கிலத்துக்கு இந்தியாவிலிருந்து போன சொல். குஜராத்தியிலும் மராத்தியிலும் தரைக்கடியில் நீர் சேர்த்து வைக்கும் அமைப்புக்கு இருந்த பெயரும், அதே ஒலியுள்ள போர்ச்சுக்கீசியச் சொல்லும் அதில் கலந்திருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் இங்கே கரை போட்டு நீர் தேக்கிய எல்லாவற்றையும் டேங்க் என்றே எழுதிவைத்தார்கள். முதல் உலகப் போரில் கவச வண்டியை ரகசியமாகச் செய்தபோது, தண்ணீர்த் தொட்டி செய்வதாகச் சொல்லி மறைத்தார்கள். 1916 செப்டம்பரில் அது பிரான்சின் சோம் போர்க்களத்தில் இறங்கியபோது பெயரும் ஒட்டிக்கொண்டது. ஆக, ஆங்கிலத்தில் ஒரே சொல் பாசனக் குளத்துக்கும் பெட்ரோல் டேங்குக்கும் போர் வண்டிக்கும் ஆகிறது. தமிழுக்கு அந்த நெருக்கடி இல்லை. இங்குள்ள மற்ற மொழிகளுக்கும் இல்லை. தெலுங்கில் செருவு, கன்னடத்தில் கெரெ, இந்தியில் தாலாப். ஹைதராபாத்தின் டேங்க் பண்ட் என்பது ஹுசைன் சாகரின் கரை. அதைத் தொட்டிக்கரை என்று எழுத யாருக்காவது கை வருமா?

தொட்டிக்கு வக்காலத்து வாங்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். தொடுதல் என்றால் தோண்டுதல், ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ என்று குறளே சொல்கிறது, தோண்டியது தொட்டி, எனவே தூய தமிழ் என்கிறார். தூய தமிழ்தான், யார் மறுத்தது? ஆனால் இன்று தொட்டி என்றால் நாலு பக்கமும் சுவர், அடியில் தளம், அளந்து சொல்லக்கூடிய கொள்ளளவு. கழிவுநீர்த் தொட்டி, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, மீன் தொட்டி எல்லாம் சரி. குளம் அப்படியா? அதற்குக் கரை ஒரு பக்கம்தான் உயர்ந்திருக்கும். எதிர்ப்பக்கம் தண்ணீர் ஏற ஏற, நீர் பரவும் உள்வாய் விரிந்துகொண்டே போகும். மடை இருக்கும், நிறைந்தபின் மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் மறுகால் இருக்கும், கரையில் ஒரு சாமி இருக்கும். ஒரு குளத்தின் மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்கு வரத்து. இத்தனையும் குளம் என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. தொட்டி என்றதும் அத்தனையும் போய்விடுகிறது.

எல்லாவற்றையும் ஏரி என்று மாற்றுவதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. செம்பரம்பாக்கம் ஏரி, வீராணம் ஏரி, சரி. மதுரை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் அது குளம்தான். நயினார்குளம், வேய்ந்தான்குளம், பறவைகள் வரும் கூந்தன்குளம் என்று ஊரும் நீரும் ஒரே பெயரில் கிடக்கின்றன. குளிக்கிற தெப்பக்குளமும் குளம், நூற்றுக்கணக்கான ஏக்கர் பாய்கிற மானூர்ப் பெரிய குளமும் குளம். குழம்பிப்போகும் என்று தோன்றினால் பாசனக் குளம் என்று எழுதலாமே.

அந்தக் கையேட்டில் ‘அமைப்புத் தொட்டி’ என்று ஒன்று வருகிறது. என்னவென்று புரியவே நேரமாயிற்று. ஆங்கிலத்தில் சிஸ்டம் டேங்க், அதாவது ஆற்றுக் கால்வாயிலிருந்து தண்ணீர் வாங்கும் குளமாம். நெல்லைக் கால்வாயில் நிறையும் நயினார்குளம் அப்படிப்பட்டது. இதற்கு முறைசார்ந்த குளம் என்று அரசுத் தமிழிலேயே பெயர் இருக்கிறது. மழையை மட்டும் நம்பியது மானாவாரிக் குளம். கையேட்டில் இன்னும் நாலு பக்கம் தள்ளி, மறுகாலை ‘உபரிநீர் வழிந்தோடி’ ஆக்கியிருக்கிறார்கள். மறுகால்தலை, மறுகால்குறிச்சி என்று ஊர்ப் பெயரிலேயே நிற்கும் சொல் அது. மொழிபெயர்க்கிறவர் ஒரு நாள் குளத்துக் கரையில் நடந்து, தண்ணீர் பாய்ச்சுகிறவரிடம் ‘இதுக்கு என்ன பேரு?’ என்று கேட்டிருந்தால் போதும். அகராதியை மட்டும் திறந்து உட்கார்ந்தால் முதல் பொருள்தான் கைக்கு வரும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் இங்கே குளங்கள் உடைந்து வயலெல்லாம் மணல் மூடியது. அன்று ராத்திரி போனில் ஒருவருக்கொருவர் கத்திச் சொன்னது ‘குளம் உடைஞ்சிட்டு, மேட்டுக்குப் போங்க’ என்பதுதான். அடுத்த பதிப்பில் எச்சரிக்கைப் பகுதியையாவது அந்தச் சொல்லில் எழுதுங்கள் என்று கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறேன்.