யூரோ கடல் தாண்டுவதில்லை

புதுச்சேரியில் உங்கள் மாடி வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பரில் பத்து நாள் தங்க ஜெர்மனியிலிருந்து ஒரு குடும்பம் கேட்கிறது. 600 யூரோவை வங்கியில் அனுப்பிவிட்டதாகச் சொல்லி, 'ஸ்விஃப்ட் காப்பி' என்று ஒரு பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் வருகிறது. பணம் வந்துவிட்டதா?

வரவில்லை. சொல்லப்போனால், அந்த யூரோ இந்தியாவுக்கு வரப்போவதே இல்லை.

ஸ்விஃப்ட் என்பது 1973இல் பெல்ஜியத்தில் தொடங்கப்பட்ட, வங்கிகளுக்கு இடையே செய்தி கொண்டுபோகும் அமைப்பு. அதற்கு முன் வங்கிகள் டெலக்ஸில் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தன. ஸ்விஃப்டின் கையில் யாருடைய பணமும் இல்லை. 'இன்னாருக்கு இவ்வளவு கொடு' என்ற செய்தியைப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்ப்பதுதான் அதன் வேலை. பணக்கணக்கு தனியாக நடக்கிறது. ஜெர்மன் வங்கி அந்தக் குடும்பத்தின் கணக்கில் 600 யூரோவைக் கழிக்கும். உங்கள் வங்கி ஐரோப்பாவில் ஏதோவொரு வங்கியில் யூரோ கணக்கு வைத்திருக்கும். அதற்கு 'நாஸ்ட்ரோ' கணக்கு என்று பெயர். அந்த யூரோ அதில் வரவாகும். அப்புறம் உங்கள் வங்கி, தன்னிடமுள்ள ரூபாயை அன்றைய மாற்று விலையில் உங்கள் கணக்கில் வரவு வைக்கும். யூரோ அங்கேயே தங்கிவிடுகிறது.

நமக்கு இது புதிதல்ல. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ரங்கூனுக்கும் சென்னைக்கும் இடையே நடத்திய உண்டியலும் (ஓர் ஊரில் எழுதிக் கொடுத்து இன்னோர் ஊரில் பணம் பெறும் சீட்டு) இதே ஏற்பாடுதான்: காகிதம் கப்பலேறியது, பணம் ஏறவில்லை.

மோசடிக்காரர்கள் நுழைவது, செய்திக்கும் வரவுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியில்தான். பிடிஎஃப்பை யாரும் வரையலாம். உண்மையான அனுப்புதல் ஒவ்வொன்றுக்கும் 36 இடங்கள் கொண்ட ஒரு தடமறி எண் உண்டு: 32 குறிகள், நடுவே 4 கோடுகள். மூன்றாவது தொகுதியின் முதல் குறி எப்போதும் 4ஆகவே இருக்கும். அப்படி இல்லையென்றால் காப்பி போலி. இருந்தால் மட்டும் உண்மை என்று ஆகிவிடாது; அந்த எண்ணை உங்கள் வங்கியில் கொடுத்து, பணம் எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டை உறுதிசெய்வது, உங்கள் பாஸ்புக்கில் ரூபாய் ஏறிய பிறகுதான்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது இன்னொரு வகை. "தவறுதலாக 1,600 யூரோ போட்டுவிட்டோம், மீதி ஆயிரத்தை எங்கள் டிராவல் ஏஜெண்டுக்கு இன்றே அனுப்பிவிடுங்கள், பாவம் காத்திருக்கிறார்" என்று கேட்பார்கள். நல்ல மனம் உள்ளவர்களே இதில் மாட்டுகிறார்கள். காப்பி போலியாக இருக்கலாம். அப்போது போவது உங்கள் சொந்தப் பணம். இன்னும் மோசம், பணம் உண்மையிலேயே வந்திருக்கும், ஆனால் வேறு யாருடைய கணக்கிலிருந்தோ திருடியதாக இருக்கும். நீங்கள் ஏஜெண்டுக்கு அனுப்புவது, வங்கியின் கண்ணில் 'திருப்பித் தருதல்' அல்ல. வந்த பணத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத புதிய அனுப்புதல். ஒருமுறை போய்ச்சேர்ந்ததைப் பெரும்பாலும் பெற்றவர் சம்மதித்தால்தான் மீட்க முடியும். பணத்தைப் பறிகொடுத்தவர் புகார் செய்தால் உங்கள் கணக்கு முடக்கப்படவும் கூடும். கூடுதல் வந்தால் வங்கிக்கு எழுதுங்கள். அந்த அனுப்புதலின் எண்ணைக் குறிப்பிட்டு, வந்த வழியிலேயே, வந்த கணக்குக்கே திருப்பச் சொல்லுங்கள். நேர்மையான விருந்தினர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

உங்கள் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு: கொடுக்க வேண்டியது இவ்வளவுதான். பணம் பெற ஓடிபி தேவையில்லை, யுபிஐ பின் தேவையில்லை, லிங்க் எதையும் அழுத்தவும் தேவையில்லை. அவையெல்லாம் பணம் வெளியே போவதற்கான சாவிகள். ஐரோப்பியர்கள் 'ஐபான்' என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்பார்கள். இந்தியாவில் அது கிடையாது. ஐபானில் இரண்டு சோதனை இலக்கங்கள் இருக்கும். எழுத்துகளை எண்ணாக்கி, முதல் நான்கு இடங்களைக் கடைசிக்குத் தள்ளி, 97ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். ஓர் இலக்கம் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். நம் கணக்கு எண்களுக்கு அப்படி ஒரு பொதுக் காவல் இல்லாததால், எண்ணைப் படமாக அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்புங்கள். அவர்கள் பார்த்துத் தட்டாமல் நகலெடுத்து ஒட்டட்டும்.

600 அனுப்பியும் கொஞ்சம் குறைவாக வந்தால் விருந்தினரைச் சந்தேகிக்காதீர்கள். நடுவிலுள்ள வங்கிகள் கட்டணம் பிடித்திருக்கும். யார் கட்டணம் ஏற்பது என்பதை அனுப்பும்போதே தேர்ந்தெடுக்கலாம், முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வரவு வைக்கும் முன் உங்கள் வங்கி, இது எதற்கான பணம் என்று கேட்கும். ரிசர்வ் வங்கியின் நோக்கக் குறியீடு ஒன்றைப் பதிய வேண்டும். முன்பதிவு மின்னஞ்சலைக் கையில் வைத்திருங்கள். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும், நடுவே இரு நாட்டு விடுமுறைகளும் வரும். அதனால் பணம் வர வேண்டிய கடைசி நாளை, அவர்கள் விமானம் ஏறுவதற்கு இரண்டு வாரம் முன்பாகவே வைத்துவிடுங்கள்.